அம்மாவுக்கும் ஓர் இலை

மீன்சுருட்டிப் பக்கம் எங்கள் தெருவில் கூலி வேலைக்குப் போகாத ஒரே பெண் என் அம்மாதான். எட்டு வயதுச் சிறுமியான எனக்கு அதில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

தம்பிக்கு இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு கால்கள் சூம்பிப்போயின. அவனைத் தூக்க, குளிப்பாட்ட எப்போதும் ஆள் வேண்டும். அப்பாவின் ஒற்றைக் கூலியில் நாலு வயிறு. அம்மா வீட்டில்தானே இருக்கிறாள் என்று தெருப் பெண்கள் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுக் கடலை பறிக்கப் போவார்கள். அந்தப் போகத்தில் பதினோரு பிள்ளைகள். தம்பியை இடுப்பில் வைத்தபடியே அம்மா ஒன்றுக்குக் கஞ்சி ஊட்டுவாள், இன்னொன்றைத் தூளியில் ஆட்டுவாள்.

கடலை பறித்து முடிந்த அன்று, நிலத்துக்குச் சொந்தக்காரரான கொல்லைக்காரர் வேலையாட்களுக்குக் கறிச்சோறு போட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எங்களையும் வரச்சொல்லியிருந்தாள். தம்பியோடு அம்மா பந்தியில் உட்காரப் போனபோது மேஸ்திரி தடுத்தார். வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் இலை, மிச்சமிருந்தால் பிறகு பார்க்கலாம் என்றார். அம்மா தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

பெரியம்மா இலையை விட்டு எழுந்தாள்.

“அவ எங்க புள்ளைங்களப் பாத்துக்கிட்டதாலதாங்க நாங்க வேலைக்கு வந்தோம். அவளுக்கு எலை இல்லன்னா எங்களுக்கும் வேணாங்க.”

குரலை அவள் உயர்த்தவே இல்லை. வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்துகொண்டார்கள். பரிமாற வந்தவர் குழம்பு வாளியோடு அப்படியே நின்றார். இதைப் பார்த்த கொல்லைக்காரர் தாமே ஓர் இலையை எடுத்து வந்து விரித்தார்.

“ஒக்காரும்மா” என்றார்.

அடுத்த வருஷம், பிள்ளை பார்க்கிறவளுக்கும் ஓர் ஆள் கூலி என்று பேசி முடித்த பிறகுதான் பெண்கள் கொல்லையில் இறங்கினார்கள். அப்படிக் கூலியாகக் கிடைத்த கடலையை விற்றுத்தான் தம்பிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் காலுக்கு இரும்புப் பட்டை வாங்கினோம். அதை மாட்டிக்கொண்டு அவன் பள்ளிக்கூடம் போனான். என் அம்மா சம்பாதித்தது என்று இன்றும் யாரிடம் சொன்னாலும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

ஆனால் அன்று அந்தப் பந்தியில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியம்மா தம்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா இடுப்பில் பிள்ளை இல்லாமல், நிதானமாகச் சோற்றைப் பிசைந்தாள். எல்லாரும் கை கழுவப் போன பிறகும் அவள் இலையில் பாதிச் சோறு இருந்தது. கண் கலங்கியிருந்தது. குழம்பில் காரம் அதிகம்போல என்று நினைத்து, தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.