ஆடு கடிக்காத செடி

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். மரம் ஒன்றும் இருக்காது. கீழே கரிசல் மண், மேலே வானம், அவ்வளவுதான். மல்லாங்கிணற்றுக்குக் கிழக்கே எங்களுக்கு அப்படி ஒரு காடு உண்டு. என் வீட்டுக்காரர் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்ப் போய் வாங்கியது. எங்கள் தெருவில் கூலிக்காரன் பெயரில் பத்திரம் ஆனது அதுதான் முதல். பத்திரம் முடிந்த அன்றைக்கு அவர் தனக்கு வேட்டி எடுக்கவில்லை, எனக்குச் சேலை எடுக்கவில்லை. ஒரு தூக்குச்சட்டி நிறைய சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். அந்தக் காட்டுக்கு நான் சொந்தக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு மழையும் சரியில்லாமல் போயிற்று. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஐப்பசி, கார்த்திகைகூட வெயிலாகவே கழிந்தன. மல்லி விதைத்தோம், முளைத்துக் கருகியது. குதிரைவாலி விதைத்தோம், மாட்டுக்குத் தட்டைகூடத் தேறவில்லை. மாட்டை விற்றோம். மகன் விருதுநகரில் மூட்டை தூக்கப் போனான். மருமகள் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறினாள்.

அவளுக்குப் பாக்கிங் ரூமில் வேலை. மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டி அடுக்கவேண்டும். வெடிமருந்தைத் தொடுகிற வேலை இல்லை. இருந்தாலும் எனக்கு மனசு ஆறாது. ஒரு கம்பெனியில் வெடித்தது என்று சேதி வந்தால் தெருவில் இருக்கிற பொம்பளைகள் அத்தனை பேரும் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வேன் வரும் பாதையில் போய் நிற்போம். எந்த ஊர், எந்த ரூம் என்று தெரிகிறவரைக்கும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டோம். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அவள் அந்த வேனை விட்டு இறங்க வேண்டும். என் வீட்டுக்காரர் வாங்கிய காடு இருக்கும்போது அவர் மருமகள் கூலிக்கு வேன் ஏறக்கூடாது.

அந்த நேரத்தில்தான் காட்டாமணக்குச் செடி வந்தது.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு இளவட்ட அதிகாரி வந்திருந்தார். பக்கத்தில் ஒரு கம்பெனிக்காரர். அதிகாரி நல்ல மாதிரி. எங்களைத் தரையில் உட்கார விடாமல் பெஞ்சில் உட்காரச் சொன்னார். டீசல் புகையால் பூமி கெட்டுப்போகிறது, பூமிக்கு அடியில் இருக்கிற எண்ணெயும் தீரப்போகிறது என்று பொறுமையாக விளக்கினார்.

"உலகமே சூடாகிட்டு வருதும்மா" என்றார்.

"இங்கன எப்பய்யா குளுந்துச்சு?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். என் கொழுந்தனார். என் காட்டை ஒட்டித்தான் அவர் காடும். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார்.

இந்தச் செடியின் விதையை ஆட்டினால் டீசலுக்குப் பதிலாக ஊற்றலாம், பஸ் ஓடும், ரயிலும் ஓடும் என்றார். தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, ஒரு தடவை நட்டால் ஒரு தலைமுறைக்குக் காய்க்கும் என்றார். ஆப்பிரிக்கா என்று ஒரு கண்டமாம், அங்கேயும் ஊர் ஊராக இதைத்தான் நடுகிறார்களாம், அவர்களும் நம்மைப்போல மழையை நம்பிப் பிழைக்கிறவர்கள்தானாம்.

நான் எழுந்து, "காச்சதை யாருய்யா எடுப்பாக?" என்று கேட்டேன்.

"நாங்க எடுத்துக்கிருவோம் ஆத்தா. லாரி உங்க காட்டுக்கே வரும்" என்றார் கம்பெனிக்காரர்.

கன்றும் அவர்களே தருவதாகச் சொன்னார்கள். நான் அங்கேயே சரி என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் கொழுந்தனார் பிடித்துக்கொண்டார்.

"மதினி, ஆடே மோந்து பாத்துட்டுப் போற செடி அது. வேலியில நடுறதைக் கொண்டுபோயி காடு பூரா நடப்போறீகளாக்கும்?"

"உங்க ஆட்டுக்குக் காவ காத்தே என் கால் தேஞ்சு போச்சு. அதுக்காகவாவது நடுவேன்."

"நடுங்க, நடுங்க. டீசல் ஊத்திப் பணியாரம் சுட்டா என்னையும் கூப்பிடுங்க."

"உங்க மொபெட்டுக்கு எண்ணெ கேட்டு என் வாசல்ல வந்து நிப்பீக பாருங்க, அப்பப் பேசிக்கிருவோம்."

அன்றைக்கு ஜெயித்தது நான்தான். கூட நின்ற பொம்பளைகள் எல்லாம் அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

மருமகளிடம், குழி தோண்ட ஆள் வேண்டும், முதல் வருடம் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற ஆள் வேண்டும், இனிமேல் வேனுக்குப் போகாதே என்றேன். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "பாக்கிங் ரூம்புல எடம் லேசுல கெடைக்காது அத்தை" என்றாள்.

"எதுக்குத் திரும்பக் கெடைக்கணும்? திரும்பிப் போகவா விடுறேன்?"

வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் முகத்தில் சந்தோசம் இருந்தது, நான் பார்த்தேன். விடியற்காலையில் வேன் ஹாரன் அடித்துவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது அவள் புரண்டு படுப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நானும் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். அதைப்போல ஒரு சுகம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

கரிசல் காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். கடப்பாரையால் குழி போட்டோம். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தோண்டினான். மருமகளும் நானும் ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்தோம். தானியம் கொட்டிவைக்கிற வீட்டுக் குலுக்கையில் விதைக்கென்று வைத்திருந்த குதிரைவாலியை அந்த வருடம் குத்திச் சோறாக்கிவிட்டேன். இனிமேல் விதைப்பே கிடையாதே, எலி தின்பதற்கா வைத்திருப்பது? வழவழவென்று நல்ல சோறு. கொழுந்தனார் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன்.

செடி பிடித்துக்கொண்டது. அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. அடுத்த வருடம் இடுப்பு உயரம், அதற்கடுத்த வருடம் ஆள் உயரம். சுற்றி எல்லார் காடும் வெடித்துக் கிடக்க, எங்கள் காடு மட்டும் பச்சையாக நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். நான் வேலை இல்லாவிட்டாலும் வரப்பில் போய் நிற்பேன்.

இலைதான். பூ வந்தது, பாதி உதிர்ந்தது. மீதியை ஒரு சிவப்புப் பூச்சி உறிஞ்சியது. மழை கொஞ்சம் பெய்த வருடத்தில் காய்க்கும் என்று பார்த்தால், இன்னும் கொஞ்சம் இலை விட்டது.

அந்த அதிகாரி ஒரு தடவை பைக்கில் வந்தார். காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி விட்டிருந்தா காய்ச்சிருக்கும்மா" என்றார்.

"தண்ணி வேணாம்னுதானய்யா இதை நட்டோம்."

செம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவருக்கு மாறுதல் வந்து வடக்கே எங்கேயோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்ன அந்த ஆப்பிரிக்காவை நான் அடிக்கடி நினைப்பேன். அங்கேயும் ஒருத்தி விதைத் தானியத்தைப் பொங்கித் தின்றுவிட்டு, காய்க்காத செடி முன்னால் நிற்கிறாளோ என்னவோ. ஒரு கண்டம் பூராவுக்கும் ஒரே பேச்சைத்தானே பேசியிருப்பார்கள்.

கடைசியில் ஒரு வருடம் கொஞ்சம் காய்த்தது. மருமகளும் நானும் ஒவ்வொரு காயாகப் பறித்து, காயவைத்து, தோடு உடைத்தோம். இரண்டு மூட்டை சேர்ந்தது. லாரி வரவில்லை. மகன் போன் செய்து பார்த்தான், எடுக்க ஆள் இல்லை. கம்பெனி ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது.

விருதுநகரில் விலைபோகாத வித்து உண்டா? எள்ளு, கடலை, ஆமணக்கு எல்லாம் அங்கேதான் போகிறது. மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். மகன் மூட்டை தூக்குகிற எண்ணெய்க் கடை பாய் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கம்மா, உக்காருங்க. சாப்பிட்டீகளா?"

"அதெல்லாம் ஆச்சு பாய். இதை நிறுவைக்கு எடுங்க."

அவர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். மோந்து பார்க்கவில்லை. அள்ளியதைக் கீழே சிந்தாமல் திரும்ப மூட்டையிலேயே போட்டுவிட்டு, பையனைக் கூப்பிட்டுக் கையில் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கழுவினார்.

"அம்மா, இது விசமுல்ல. இதை என் மிசின்ல ஆட்டுனா, அடுத்தாப்புல அதுல எள்ளு ஆட்ட முடியுமா? ஊருசனம் திங்கிற எண்ணெயில்ல."

"ரயிலுக்கு ஊத்துற எண்ணெ பாய் இது."

"ரயிலுக்கு ஊத்துறவுக யாரும் என் கடைக்கு வரலியேம்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "வேற எவன் கடைக்குப் போனாலும் இதைத்தான் சொல்லுவான். வெயில்ல அலையாதீக."

நான் அலைந்தேன். அவர் சொன்னதற்காக நிற்பேனா? கடை கடையாகப் போனேன். வாசலிலேயே கையைக் காட்டி விரட்டியவர்களும் உண்டு. கருக்கலில் மகன் வந்து, "யம்மா, போதும் வாம்மா" என்று மூட்டைகளைத் தலையில் தூக்கினான். ஊரார் மூட்டைக்கெல்லாம் கூலி வாங்குகிறவன், தன் வீட்டு மூட்டையைச் சும்மா சுமந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். விறகாகவாவது ஆகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பால் வடிகிற கட்டை, அடுப்பில் வைத்தால் புகைகிறதே தவிர எரிய மாட்டேன் என்கிறது. வெட்டிப் போட்ட இடத்தில் ஒரு தூறல் விழுந்ததும் தூர் திரும்பத் துளிர்த்தது. நாங்கள் தண்ணீர் சுமந்து ஊற்றியபோது இவ்வளவு ஆசையாக அது துளிர்த்ததில்லை.

கொழுந்தனார் மண்வெட்டியோடு வந்து அவர் பாட்டுக்குத் தூரைத் தோண்ட ஆரம்பித்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா? பணியாரத்தைப் பத்திக் கேளுங்களேன்" என்றேன்.

"விடுங்க மதினி" என்றார். அவர் மகளும் அப்போது வேன் ஏற ஆரம்பித்திருந்தாள்.

குதிரைவாலி விதைக்கலாம் என்று விதை தேடினேன். எங்கள் தெருவில் இல்லை, அடுத்த ஊரில் இல்லை. எல்லார் வீட்டுக் குலுக்கையும் வெறுமையாகத்தான் கிடந்தது. வேனுக்குப் போகிற வீட்டில் விதை எதற்கு? மக்காச்சோளம் போடு, கோழித் தீவனத்துக்குப் போகிறது, கடையில் விதை விற்கிறது என்றார்கள். போட்டோம். அந்த வருடமும் மழை ஏமாற்றியது. காட்டை விற்கச் சொல்லி இரண்டு பேர் வந்து கேட்டார்கள். விற்கவில்லை. இன்றைக்கும் பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது. காட்டில் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. நான் நம்பியது தப்பு என்று எவர் வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பொம்பளையை வேனிலிருந்து இறக்க வேறு என்ன வழி இருந்தது என்று அவர்கள் முதலில் சொல்லட்டும்.

மக்காச்சோளம் கருகிய பிறகு ஒரு சாயங்காலம், நான் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, வேன்காரர்ட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வரச் சொல்லிட்டாரு."

நான் புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாக்கிங்குக்கா?"

"அங்கன வேற ஆளு வந்து வருசமாச்சு. மருந்து ரூம்புலதான் ஆளு வேணுமாம்."

மருந்து ரூம் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்து குழாயில் அடைக்கிற இடம். வெடித்தது என்று வருகிற சேதி எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

"அவன்ட்ட சொன்னியா?" என்றேன், மகனை நினைத்து.

"சொன்னேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ கேட்க வேண்டும்போல இருந்தாள்.

"அத்தை, உங்க நூல் சேலை ரெண்டு குடுங்களேன். என்ட்ட இருக்கிறது பூரா நைலக்ஸ். அதைக் கட்டிக்கிட்டு அந்த ரூம்புக்குள்ள விடமாட்டாகளாம். உரசுனா பொறி பறக்குமாம்."

நான் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நான் கட்டுவது எல்லாம் அருப்புக்கோட்டை நூல் சேலைதான். கிழிசல் இல்லாததாக இரண்டு எடுத்தேன். அவள் அங்கேயே ஒன்றைக் கட்டிப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே உயரம், சரியாக இருந்தது. ரவிக்கையில் மேல் கொக்கி போன இடத்தில் ஊக்குக் குத்தியிருந்தாள். அந்த ரூமுக்குள் போகிறவள் உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஊக்கைக் கழற்றி என் சேலை முந்தானையில் குத்திக்கொண்டு, அந்த இடத்தை நூலால் தைத்துவிட்டேன். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்ததால் ஊசியில் நூல் கோர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் அசையாமல் நின்றாள்.