கொன்ட்ரோலும் ஷிஃப்டும் அக்காவின் இடது கையும்

என் அக்காவை மறதிக்காரி ஆக்கியவர்கள் இந்தக் கணினியின் இயங்குதளத்தைச் செய்தவர்கள். எந்த நாட்டில், எந்தக் குளிர் அறையில் இருந்து செய்தார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் செய்தவர்கள் அவர்கள்தான். கேட்காமல் இரண்டு விசையை எடுத்துக்கொண்டார்கள், எடுத்ததைச் சொல்லவும் இல்லை.

மட்டக்களப்பில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட எங்கள் கடை. இரண்டு கணினி, ஒரு போட்டோகொப்பி இயந்திரம், ஒரு மேசை மின்விசிறி. அக்கா தட்டச்சு செய்து பக்கம் அமைப்பார். நான் பிரதி எடுப்பேன், வெட்டுவேன், வாடிக்கையாளரோடு சண்டை பிடிப்பேன். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அக்காவின் கையால்தான் போகும்.

அக்கா திரையைப் பார்த்துத் தட்டுவதில்லை. கண் முழுக்கக் கையெழுத்துத் தாளில் இருக்கும். மவுஸைத் தொடுவதும் குறைவு. "எலி பிடிக்க நான் என்ன பூனையா" என்பார். எல்லாம் குறுக்குவிசைதான். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் இடது கையால் கொன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பார், வலது கையால் முற்றுப்புள்ளி விசையை ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு அளவு பெருக்கும். அந்த வேகத்தைப் பார்ப்பதற்காகவே சிலர் கதிரையை இழுத்துப்போட்டு இருப்பார்கள். நானும் வேலை இல்லாத நேரம் அதைத்தான் பார்ப்பேன். அவரிடம் சொன்னதில்லை.

போன வருடம் கணினி தன்பாட்டில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் வந்து திறந்தபோது எல்லாம் பழையபடிதான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு மரண அறிவித்தல் அடிக்கும்போது அக்கா நிமிர்ந்து திரையைப் பார்த்தார். நான்கு வரி. எழுத்தெல்லாம் தமிழ். ஒரு சொல்கூடச் சொல் இல்லை.

"என்னகா இது" என்றேன்.

"விரல் மாறிப் போட்டுது போல" என்றார். அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். கணினியை மூடித் திறந்த பிறகு சரியாக வந்தது.

அடுத்த கிழமை திரும்பவும். பிறகு ஒரு நாளில் இரண்டு முறை. பிறகு மூன்று நாள் ஒன்றுமில்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இதுதான் அவரைத் தின்றது. ஒரே மாதிரிப் பிழைத்தால் இயந்திரத்தைச் சந்தேகிக்கலாம். வந்து வந்து போனால் மனிதர் தன்னைத்தான் சந்தேகிப்பார்.

கணினி திருத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அரை மணித்தியாலம் இருந்தார். அக்கா சொன்ன குறுக்குவிசைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது.

"மிசின்ல ஒரு பிழையும் இல்ல" என்றார். வாசலில் என்னிடம் தனியாக, "அக்காக்கு என்ன வயசு இப்ப" என்று கேட்டார்.

நான் வயதைச் சொன்னேன். அவருடைய கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தலையை ஆட்டினேன்.

எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் எங்களை அடையாளம் தெரியாமல் இருந்தார். அக்காதான் பார்த்துக்கொண்டார். அதனால் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மதியம் சோற்றோடு வல்லாரைச் சம்பல் வரத் தொடங்கியது. நாள் தவறாமல் வந்தது. அவர் அடித்ததை அவருக்குத் தெரியாமல் இரண்டாம் தரம் வாசிக்கத் தொடங்கினேன். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அந்த நேரம்தான் படுவான்கரைக் கோயில் நோட்டீஸ் வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோயில், எங்களுடைய கோயிலும்தான். அங்கே திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். நோட்டீஸில் எந்தக் குடியின் பெயர் எந்த அளவில் வருகிறது என்பது சின்ன விசயமில்லை. ஒரு நூல் குறைந்தால் அடுத்த வருடம் வரைக்கும் பேச்சு நிற்காது. கோயில் செயலாளர் தாளைக் கொண்டுவந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். பின்னால் ஒவ்வொரு குடிக்கும் ஒரு ஆள்.

செயலாளர் கண்முன்னாலேயே இரண்டு தரம் குழம்பியது. வரிவரியாகப் பொருளில்லாத எழுத்து. அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

நோட்டீஸ் பிந்தியது. உண்மையில் பிந்தியதற்குக் காரணம் குடிக்காரர்கள் பெயர் ஒழுங்கை மூன்று தரம் மாற்றியது. ஆனால் கோயில் பொதுக்கூட்டத்தில் நோட்டீஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று ஒருவர் எழும்பிக் கேட்டபோது செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் புள்ளக்கி இப்ப மறதி வந்திட்டு. பாவம், எழுத்தே தெரியுதில்ல. வாற வருசம் வேற இடத்துல குடுப்பம்."

அக்கா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தார். நான் பக்கத்தில். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா கைப்பையைத் திறந்து, உள்ளே எதையோ தேடி, எடுக்காமல் மூடினார்.

பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "இந்த நோட்டீஸ முடிச்சுப்போட்டு நான் கடைய விட்டு எழும்புறன். மறுகா நீ ஆரையும் பாத்து வெச்சுக்க."

"எழும்பிப் போய் என்ன செய்யப் போறாய்?"

"ஆடு வளக்கன்."

"உனக்கு ஆட்டப் பயம்."

"அது ஆடு எண்டு மறந்து போனா பயம் வராதுதானே."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வீடு வரும்வரை இரண்டு பேரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

கடைசித் திருத்தத்துக்கு இரண்டு குடிக்காரர்கள் வந்தார்கள். அன்று நான் மேசைக்கு எதிர்ப்புறம் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் திரை தெரியாது, அக்காவின் கைதான் தெரியும்.

"அஞ்சாம் திருவிழாவ இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க தங்கச்சி" என்றார் ஒருவர்.

அக்காவின் இடது கை கொன்ட்ரோலிலும் ஷிஃப்டிலும் போய் இருந்தது.

"ஏன், அஞ்சாம் திருவிழாக்கு மட்டும் சாமி பெரிசா வருமோ?" என்றார் மற்றவர்.

"போன முற உங்கடதுதானே குடை மாதிரிக் கிடந்தது. நாங்க வாய் துறந்தமா?"

"நீங்க வாய மூடினது எப்ப?"

அக்கா இரண்டு விசையையும் பிடித்தபடி இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டை முடியட்டும், பெரிதாக்குவதா விடுவதா என்று தெரியட்டும் என்று விரலை எடுக்காமல் காத்திருந்தார். கடைசியில் முதலாமவர் "சரி, இருந்தபடி இருக்கட்டும்" என்றார். அக்கா கையை எடுத்தார். முற்றுப்புள்ளி விசையைத் தட்டவில்லை. தாளைப் பார்த்து அடுத்த வரியை அடித்தார்.

"ஐயோ புள்ள, இது என்ன பாசை" என்றார் மற்றவர்.

நான் தாளைக் கீழே போட்டேன். அக்காவை எழுப்பிவிட்டு நான் இருந்தேன். அக்காவின் பெயரை அடித்தேன். குப்பை. கொன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்தேன், விட்டேன், திரும்ப அடித்தேன். பெயர் சரியாக வந்தது.

விசயம் இவ்வளவுதான். புதுப்பித்தபோது கணினி இன்னொரு தமிழ் விசைப்பலகை முறையையும் தானாகச் சேர்த்துவிட்டது. அதில் ஒவ்வொரு எழுத்தும் வேறு விசையில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற கொன்ட்ரோலும் ஷிஃப்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளுக்கும் அதே இரண்டு விசைதான், கூட ஒரு முற்றுப்புள்ளி. மூன்றையும் அழுத்தினால் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இரண்டை மட்டும் அழுத்தி விட்டால் இயங்குதளம் எடுத்துக்கொள்ளும். பெரிதாக்கச் சொன்னவர் மனம் மாறி, அக்கா தட்டாமல் கையை எடுத்த நேரமெல்லாம் இதுதான் நடந்தது. கணினி திருத்துபவர் மூன்றையும் ஒழுங்காக அழுத்தினார், அதனால் அவருக்குப் பிழை வரவில்லை. அவருக்கு முன்னால் யாரும் குடிச் சண்டை பிடிக்கவில்லையே.

திருத்துவதற்கு எனக்கு இரண்டு நாள் எடுத்தது. முதலில் மென்பொருளில் எழுத்தைப் பெருக்கும் விசையை வேறொன்றாக மாற்றினேன். அக்காவின் விரல் பழைய இடத்துக்கே போனது. அதைக் குறை சொல்ல முடியாது, வருடக்கணக்காகப் போன வழி. பிறகு சேர்ந்திருந்த இரண்டாவது முறையை நீக்கினேன். கணினியை மூடித் திறந்ததும் அது திரும்ப வந்து உட்கார்ந்தது. கடைசியில் மொழி அமைப்புகளுக்குள் ஒன்றைத் திறக்க ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று போய், முறை மாற்றும் விசையை 'ஒன்றும் ஒதுக்கப்படவில்லை' என்று வைத்தேன். அத்தோடு நின்றது. இத்தனை கதவுக்குப் பின்னால் அதை வைத்தவர்களுக்கு ஒரு நாள் எங்கள் கடையில் வேலை கொடுக்க வேண்டும், திருவிழாக் காலத்தில்.

அதை மாற்றுவதற்கு முன் அக்கா ஒன்று கேட்டார். "மாத்தாத. முதல்ல எனக்குக் காட்டு."

காட்டினேன். அவரே இருந்து பிடித்தார், விட்டார், அடித்தார். குப்பை. திரும்ப. சரி. பத்துப் பதினைந்து தரம் செய்தார். ஒவ்வொரு தரமும் முன்கூட்டியே சொன்னார்: "இப்ப பிழைக்கும். இப்ப வரும்." ஒரு தரமும் தவறவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசம் வல்லாரை திண்டிருக்கன்" என்றார். "நீ பாத்துக்கொண்டு இருந்தாய்."

"ஓம்."

"நான் அடிச்சதக் களவா வாசிச்சாய்."

"ஓம்."

"மாடு."

அன்று மதியம் சம்பலை எனக்குத் தள்ளிவிட்டு, பொரித்த மீன் முழுவதையும் அவரே சாப்பிட்டார். ஆட்டைப் பற்றிய கதை அதன் பிறகு இல்லை. ஆனால் படுவான்கரைக்குப் போவதும் இல்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறார்.

செயலாளர் விசயம் கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தார். ஒரு பை மாம்பழம் கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்தி, "மனசுல வெச்சுக்காதீங்க தங்கச்சி, தெரியாமச் சொல்லிட்டன்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அக்கா அப்படித்தான். மாம்பழம் நல்ல இனிப்பு, அதையும் நான் மறைக்கவில்லை.

செயலாளர் ஐயா, நான் அக்கா இல்லை. மறதி என்று நீங்கள் கடையில் வந்து காதுக்குள் சொல்லவில்லை. ஒலிவாங்கியில் சொன்னீர்கள், வேலியில் சாய்ந்து நின்றவருக்கும் கேட்டது. அவர்களுக்கெல்லாம் என் அக்கா இன்னும் எழுத்துத் தெரியாத ஆள். வருகிற பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் எழும்புங்கள். ஒலிவாங்கியைப் பிடித்து, நோட்டீஸ் ஏன் பிந்தியது, பிழை யாருடையது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருத்துகிறேன். சொல்வீர்களா, மாட்டீர்களா? பதிலையும் அங்கேயே, எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள்.