நாலு துண்டுக் கம்பு

கணேசலிங்கத்துக்கு ஒருவரையும் நம்பிப் பழக்கமில்லை. லண்டன் எட்மண்டனில் வெகுகாலம் மூலைக்கடை நடத்திய மனிதர். கடையை விற்ற பிறகும் கள்ளனைத் தேடும் அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. டாக்டர் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொன்னால், ஆள் எதையோ மறைக்கிறார் என்று வீட்டுக்கு வந்து மனைவி தவநாயகியிடம் சொல்வார். கோயிலில் யாராவது வலிய வந்து சுகம் விசாரித்தால் போதும், அவனுக்கு என்ன தேவையோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டு திரிவார்.

அதே டாக்டர் நடக்கச் சொன்னதால்தான் லீ ஆற்றங்கரைக்குப் போகத் தொடங்கினார். அங்கேதான் ஜெராட்டைக் கண்டார். ஜெராட் எலெக்ட்ரீசியன், ஐம்பதை நெருங்குகிற வயது. யாழ்ப்பாணத்தில் மீன்பிடிகாரர் வாழும் குருநகரிலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அன்றைக்கு அவர் பைக் என்கிற ஆற்று மீன் ஒன்றைக் கரைக்கு இழுத்திருந்தார். கை நீளம், தட்டையான வாய், வாய் நிறையப் பல். கொக்கியைக் கழற்றி அதைத் தண்ணீரில் விட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு மறையும்வரை குனிந்து பார்த்தபடி நின்றார்.

யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் இவ்வளவு பெரிய மீனைச் சும்மா விடுவதாவது! கணேசலிங்கம் நம்பவில்லை. ஜெராட் அப்பால் போன நேரம் பார்த்து அவருடைய பையைத் திறந்தார். உள்ளே இரண்டு வாழைப்பழமும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும் இருந்தன.

"மீனைத் தேடுறியளோ அண்ணை?" பின்னால் ஜெராட் சிரித்துக்கொண்டு நின்றார். "இந்தக் கரையில பிடிச்சால் விடவேணும், அதுதான் இஞ்சத்தைய விதி. வாங்கோ, நீங்களும் ஒருக்கா எறிஞ்சு பாருங்கோ."

வேறு ஆளாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். ஜெராட்டோ தூண்டிலைக் கையில் கொடுத்தார். அன்று பிடித்த பைத்தியம் கணேசலிங்கத்தை விடவில்லை. கிழமையில் இரண்டு மூன்று நாள் ஆற்றங்கரையில் இருவரும் நின்றார்கள். சொந்தத் தம்பியோடுகூட அவர் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஜெராட் இரவல் கொடுத்த பழைய தூண்டில் கம்பு பாரமானது. இரையாகக் கட்டும் உள்ளங்கை அகலப் போலி மீன்களை எறிவதற்கென்று செய்த முரட்டுக் கம்பு. விரல் நீளச் சின்ன இரையைக் கட்டினால் அது வளைந்தே கொடுக்காது. இரை காலடியிலேயே தொப்பென்று விழும், தோள்மூட்டு இரவெல்லாம் குடையும். கணேசலிங்கம் யூட்யூப்பில் இறங்கினார். பைக்கின் அமெரிக்க அண்ணன் மஸ்கி என்று ஒரு மீன். அதற்குச் சின்ன இரை எறிய என்ன கம்பு வாங்கலாம் என்று தொப்பி போட்ட அமெரிக்கர் ஒருவர் மணிக்கணக்கில் விளக்கினார். இரை சின்னன் என்பதற்காக மீனும் சின்னனாக வராது. ஆகவே எறிவதற்கு நுனி இளகியிருக்க வேண்டும், இழுப்பதற்கு அடி உறுதியாக இருக்க வேண்டும். அந்த அமெரிக்கருக்குக் கம்புக் கம்பெனிக்காரர் காசு கொடுக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தது. ஆனாலும் சொன்னது சரியாகத்தான் பட்டது.

இந்த நேரத்தில்தான் மகள் சயந்தினிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வெம்பிளிப் பக்கம் இருக்கிறவர். நல்ல பிள்ளை, சயந்தினிக்கும் பிடித்திருந்தது. இதற்கு முதல் பேசிய ஒன்று காரணம் தெரியாமலே குழம்பிப்போய், பிள்ளை மாதக்கணக்கில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள். இதுவும் குழம்பினால் அவள் தாங்கமாட்டாள்.

"இஞ்சேருங்கோ, பேச்சு முடியுமட்டும் உந்தத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ரோட்டால திரியாதேங்கோ," என்றார் தவநாயகி. "ஆரும் கண்டால் என்ன ஆக்கள் எண்டு விசாரிப்பினம். பேந்து பிள்ளையின்ர பாடு?"

லண்டனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். தோல் நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று வெள்ளைக்காரரைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் இந்தச் சாதிக் கேள்வி மட்டும் விமானமேறிக் கூடவே வந்துவிட்டது. மனைவி சொன்னதையே கணேசலிங்கமும் ஏற்கெனவே யோசித்திருந்தார்.

சனிக்கிழமை ஜெராட் தன் வான் வண்டியில் அவரை என்ஃபீல்டில் ஒரு தூண்டில் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரப் பெடியன் ஏழடிக் கம்பொன்றை எடுத்து நீட்டினான். இரண்டு துண்டு, நடுவில் பொருத்துவது. நுனியை முருங்கைக்காய் முறுக்குவதுபோல் வளைத்துப் பார்த்தார். அது சொன்னபடி வளைந்தது, அடி அசையவில்லை. எவ்வளவு பாரமான இரையைத் தாங்கும் என்று கம்பிலேயே எழுதியிருந்ததை மூக்குக்கண்ணாடியை ஏற்றி வாசித்தார். பெடியன் ஒரு சின்ன இரையை நுனியில் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னான். இரையின் துடிப்பு விரல்வரை வந்தது. மனிதருக்கு முகம் மலர்ந்தது.

"இதுதான் அண்ணை உங்கட கம்பு," என்றார் ஜெராட்.

கணேசலிங்கம் அதை மெல்லக் கீழே வைத்தார். "இதே மாதிரி நாலு துண்டாய்க் கழட்டுறது இருக்கோ எண்டு கேளும். ஷொப்பிங் பேக்குக்குள்ள அடங்கவேணும்."

அதைக் கேட்டதும் பெடியனின் பார்வை மாறியது. திருட்டுத்தனமாக மீன் பிடிக்கிறவர்கள்தான் கம்பை மறைத்துக்கொண்டு போவார்கள் என்று அவன் நினைத்திருக்கலாம். மீன்பிடி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டான். கணேசலிங்கம் போனைத் திறந்து அதை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினார். என்னையே சந்தேகிக்கிறான் பார் என்று கோபம் வந்தது.

"நாலு துண்டு பிளேனில போறவைக்கு, அண்ணை. உங்களுக்கென்னத்துக்கு?" என்றார் ஜெராட். "பஸ்ஸில கொண்டுபோறது கரைச்சலெண்டால் நான் வானில வந்து ஏத்துறன்."

"வானில வந்தாலும் வாசலில ஏறேக்க இறங்கேக்க சனம் பாக்குந்தானே."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. ஜெராட் கையிலிருந்த கம்பைத் திருப்பிக் கொளுக்கியில் மாட்டினார்.

"பாத்தால் என்ன?"

"நீர் ஒண்டும் நினைக்காதையும். சயந்தினிக்குப் பேசிக்கொண்டிருக்கிறம். சனம் கண்டபடி விசாரிக்கும்..."

"நீங்கள் மீன் பிடிக்கிறது தெரியக்கூடாதோ, என்னோட திரியிறது தெரியக்கூடாதோ?"

இரண்டும்தான் என்று கணேசலிங்கத்தால் சொல்ல ஏலாது. இரண்டும் இல்லை என்று சொன்னால் இந்த மனிதன் நம்பமாட்டான். பெடியன் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ர அப்பா என்ன வேலை செய்தவர் எண்டு இவ்வளவு நாளில ஒருக்காவது கேட்டனீங்களே, அண்ணை?" ஜெராட்டின் குரல் உயரவில்லை. "எல்லாத்தையும் துருவித் துருவிக் கேக்கிற ஆள் நீங்கள்."

கேட்டதில்லை. தேத்தண்ணிப் பையைக்கூடத் திறந்து பார்த்தவர், இதைக் கேட்டதில்லை. குருநகர், கிறிஸ்தவ வேதக்காரர், கையில் தூண்டில் என்று கண்ட அன்றைக்கே இன்ன சாதிதான் என்று முடிவு கட்டிவிட்டார். பிறவிச் சந்தேகக்காரர் சந்தேகப்படாமல் நம்பியது அந்த ஒன்றைத்தான். இப்போதும் அவர் கேட்கவில்லை. கேட்டு ஜெராட் ஏதாவது சொன்னால், அந்தப் பதிலுக்கேற்ப அவரை நிறுக்கத் தொடங்கிவிடுவோம் என்று தன்னைப் பற்றித் தனக்கே பயமாக இருந்தது.

நாலு துண்டுக் கம்பைத்தான் வாங்கினார். ஜெராட் வழியெல்லாம் ரேடியோவைப் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்கு இரண்டு தெரு முந்தியே வானை நிறுத்தினார்.

"இதில இறங்குங்கோ, அண்ணை. சனம் பாக்காது."

அடுத்த கிழமை ஆற்றங்கரையில் ஜெராட் இல்லை. போன் எடுத்தால், "வேலை கூடிப்போச்சு, அண்ணை," என்றார். அதற்கடுத்த கிழமையும் அதே பதில். அது உண்மைதானா என்று கணேசலிங்கம் சந்தேகப்படவில்லை. உண்மைக் காரணம் அவருக்குத் தெரியும். மூன்று பொருத்திலும் நெகிழும் அந்தக் கம்பால் தனியே நின்று எறிந்தார். இரை ஓரளவு தூரம் போனது. மீன் பிடிபட்ட ஒரு நாளில், பாரும் என்று சொல்லப் பக்கம் திரும்பினார். கரையில் ஒருவரும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் கிருஷ்ணராசா வடையைக் கடித்துக்கொண்டே, "ரிட்டயர் ஆனாப்பிறகு பொழுது எப்பிடிப் போகுது?" என்று கேட்டார்.

விசாரணை வந்துவிட்டது என்று கணேசலிங்கம் நிமிர்ந்தார். தவநாயகி தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றுவிட்டார். கிருஷ்ணராசாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தால் அங்கே வடையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

"ஆத்தங்கரையில நடப்பன்."

"நல்லது. கூட்டாளியள் ஆரும் வருவினமோ?"

"இல்லை," என்றார் கணேசலிங்கம். "தனியத்தான்."

அதில் பொய் ஒன்றும் இருக்கவில்லை.