தாலாட்டுக்கு முடிவு எழுதியவன்

எங்கள் இசைக்குழுவில் யாருக்கும் படத்தின் கதை தெரியாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் திரை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதைப் பார்க்கிற உரிமை, எங்களைப் பார்த்தபடி நின்று குச்சியை ஆட்டும் மாயெஸ்த்ரோவுக்கு மட்டும்தான். இசையமைப்பாளரை அப்படித்தான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மூஞ்சி சுருங்கிவிடும். பின்னால் அம்மா செத்துக்கொண்டிருப்பாளா, காதலன் திரும்பி வருவானா, ஒன்றும் தெரியாமல் நாங்கள் உருகி உருகி வாசிப்போம். மெக்சிகோ நகரமே கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்த காலம் அது. கடைசி ரீலில் யாராவது சாக வேண்டும். வயலின்கள் எல்லாம் சேர்ந்து அழ வேண்டும். அதன் உச்சியில் நான் ஹார்ப் தந்திகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவு தடவ, திரையில் 'முற்றும்' வந்து நிற்க வேண்டும். என் வயிற்றுப்பாடு அந்த ஒரு தடவலில்தான் ஓடியது.

அந்த அழுகையை எல்லாம் எழுதிக் கொடுத்தவன் எலியோடோரோ. எங்களுக்கு லோலோ. மாயெஸ்த்ரோ உர்ரியேத்தா ஒரு காகிதத்தில் ஒற்றை வரி மெட்டைக் கிறுக்கித் தந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார். அதை வயலினுக்கு இவ்வளவு, செல்லோவுக்கு இவ்வளவு, கொம்புக்கு இவ்வளவு என்று பிரித்து, குழு முழுவதற்கும் எழுதுவது லோலோவின் வேலை. சுவரொட்டியில் உர்ரியேத்தாவின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் வரும். லோலோவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தன் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட்டாலே காது சிவந்துபோகும் மனிதன் அவன்.

த்லாஸ்காலா பக்கத்தில் ஒரு சின்ன ஊர்தான் அவனுக்குப் பூர்வீகம். அப்பா ஊர் பேண்டில் ட்ராம்போன் ஊதியவர். கல்யாணத்துக்கும் அதே பேண்டு, சவ ஊர்வலத்துக்கும் அதே பேண்டு. எந்த இடத்தில் ஊதினால் எந்தப் பெண் விசும்புவாள் என்று அவனுக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிறகு அவனைத் தின்றது.

நாங்கள் இருவரும் ஒரே முற்றத்தைச் சுற்றிய குடித்தனங்களில் இருந்தோம். எதிரெதிர் கதவு. அவனோடு அவன் தங்கை தொமித்திலாவும் அவள் மகன் சிரிலோவும் இருந்தார்கள். அவள் புருஷன் வடக்கே பருத்தி பறிக்கப் போனான், போனவன் போனவன்தான். சிரிலோ சிரித்தால் முற்றமே திரும்பிப் பார்க்கும், அப்படிச் சிரிப்பான். ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று தொமித்திலா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் தொட்டிக்கும் வாசல் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே முனகுவாள்.

அது எந்தப் பாட்டும் இல்லை. வார்த்தையே கிடையாது. அவளாகக் கட்டியது. ஏறி ஏறி ஓர் இடத்துக்கு வரும், இதோ முடியப்போகிறது என்று நாம் நினைக்கும்போது நழுவித் திரும்பி ஆரம்பத்துக்கே போய்விடும். பிள்ளை தூங்கும்வரை பாட வேண்டியதற்கு முடிவு எதற்கு? அந்தக் குளிர்காலம் முழுக்க அது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டே இருந்தது. வசந்தம் வருவதற்குள் சிரிலோ போய்விட்டான். தொமித்திலா கறுப்பு உடுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அடுத்த வருஷம் உர்ரியேத்தா ஒரே நேரத்தில் மூன்று படங்களை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவற்றில் ஒன்றின் கடைசிக் காட்சிக்கு அவர் அனுப்பிய காகிதத்தில் மெட்டே இல்லை. வெறும் கோடுகள். மேலே, "இங்கே எல்லோரும் அழ வேண்டும். நீயே பார்த்துக்கொள்" என்று எழுதியிருந்தது. மறுநாள் காலை ஒலிப்பதிவு.

அன்று மதியம் லோலோ என்ன பாடுபட்டான் என்று எனக்குத் தெரியாது. நான் கண்டதெல்லாம் மறுநாள்தான்.

வழக்கம்போல வயலின்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டே கேலியில் இறங்கினார்கள்.

"இன்னைக்கு யாருப்பா சாகறது? அம்மாவா, கல்யாணப் பொண்ணா?"

"குதிரையா இருக்கும். தயாரிப்பாளர் கையில காசில்ல."

உர்ரியேத்தா குச்சியைத் தட்டினார். செல்லோ ஆரம்பித்தது. இரண்டாவது அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தொட்டிக்கும் கதவுக்கும் நடுவே நடந்த அந்தப் பெண்ணின் முனகல் அது. அப்பட்டமாக அதுதான். ஏறியது, ஏறியது, அந்த இடத்துக்கு வந்தது. திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. லோலோ அங்கே மேலே மேலே போகிற மாதிரி ஒரு படிக்கட்டு கட்டியிருந்தான். கொம்புகள் சேர்ந்தன, பெருமுரசு இடித்தது, எனக்கான இடம் வந்தது. என்ன செய்ய? தடவினேன். 'முற்றும்' வந்திருக்கும்.

குதிரை என்று சொன்னவன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தான். உர்ரியேத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தத் தடவை எனக்கு நல்லா வந்திருக்கு, இல்ல?" என்று கேட்டார். இந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

நான் லோலோவை நடையில் மடக்கினேன்.

"ஏம்பா, உனக்கு வேற எதுவுமே கிடைக்கலியா?"

"நாலு மெட்டு எழுதிப் பாத்தேன் எர்லிந்தா. எல்லாம் கட்டை மாதிரி கிடந்துச்சு. அப்புறம் கை தானா எழுதிடுச்சு."

"கை தானா எழுதுமா? மனுஷன்தான் எழுதுவான்."

"முடிவை மாத்திட்டேனே. முடிவு என்னோடது. அதை அவளோடதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் தலையில புதுத் தொப்பி வெச்சா, அது உன் பிள்ளை ஆயிடுமா?"

அவன் காது சிவந்தது. நான் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து விட்டுவிட்டேன்.

படம் பேயாக ஓடியது. அந்தக் கடைசி இசையை ரேடியோக்காரர்கள் தனியாகப் போட ஆரம்பித்தார்கள். காலையில் சோப்பு விளம்பரத்துக்கு முன்னால், மாலையில் ஜெபமாலைக்குப் பின்னால். கறிக்கடைக்காரன் எலும்பை வெட்டிக்கொண்டே சீட்டியடித்தான். தொமித்திலா துக்கத்தில் இருந்ததால் அவர்கள் வீட்டு ரேடியோவின் மேல் துணி போர்த்திக் கிடந்தது. ஆனால் முற்றத்து ஜன்னல்களுக்கெல்லாம் துணி போர்த்த முடியுமா? அவள் தொட்டியில் துணியைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது அந்த இசை நாலு பக்கத்திலிருந்தும் வந்து விழும். கை கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடி கசக்குவாள்.

அந்தக் கொஞ்ச நேர நிறுத்தம் லோலோவைக் கொன்றது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். பீன்ஸில் உப்பு கூடினால் அதற்கு அர்த்தம். கதவைச் சற்று வேகமாகச் சாத்தினால் அதற்கு அர்த்தம். அவள் "சாப்பிட வாண்ணே" என்று சாதாரணமாகக் கூப்பிட்டால் அதில்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய அர்த்தம். குற்றமுள்ள நெஞ்சு அவனுக்கு எழுந்தாலும் குத்தியது, உட்கார்ந்தாலும் குத்தியது. ஆள் பாதியாக இளைத்துப்போனான்.

ஒருநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வந்தான்.

"பாதிரியார் என்ன சொன்னார்?"

"முனகுறதெல்லாம் சொத்தாகாது, அதனால திருட்டும் ஆகாதுன்னு சொன்னார். அப்புறம் அந்தக் கதாநாயகி நெஜமாவே அழுதாளா, வெங்காயம் வெச்சாங்களான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"எனக்குத் திரை தெரியாதுன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. "மன்னிப்பு கேக்க வேண்டிய ஆள் அவர் இல்ல, எர்லிந்தா. அது எனக்குத் தெரியாமயா இருக்கு? அவகிட்டப் போய் நின்னா நாக்கு ஒட்டிக்குது" என்றான்.

படம் பெரிய கொட்டகைகளில் ஓடித் தேய்ந்து, கடைசியாக எங்கள் பேட்டைக் கொட்டகைக்கு வந்தது. அங்கே மாற்றி மாற்றி மூன்று படம் ஓடும், ஒரு டிக்கெட்டில் உள்ளே போனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். துக்கம் கழிந்த தொமித்திலாவை, வெளிக்காற்று படட்டும் என்று முற்றத்துப் பெண்கள் கிளப்பினார்கள். லோலோ கெஞ்சிப் பார்த்தான். அது ஒழுக்கமில்லாத படம், பார்க்கக் கூடாது என்று பாதிரியார்கள் கோயில் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று கூசாமல் புளுகினான். அவள் கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். இருட்டில் அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் அந்தக் காட்சியை முதல்முறையாகப் பார்த்தேன். ரயில் புறப்படுகிறது. ஒரு தாய் நடைமேடையில் நின்றுகொண்டு போகிற மகனைப் பார்க்கிறாள். அவ்வளவுதான், யாரும் சாகவில்லை. இசை ஏறியபோது தொமித்திலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுதாள். முழுக் கொட்டகையும் அழுதது. விளக்கு எரிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த இரண்டு படங்களும் ஓடி, மறுபடி இந்தப் படம் வந்து, அந்த ரயில் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்கு வந்தபோது லோலோ சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். வீங்கிய அவள் கண்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான், சவப்பெட்டிக்கு முன்னால் நிற்பதுபோல.

"அண்ணே, அந்தக் கடைசிப் பாட்டு…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"சொல்லிடறேன் தொமி. அது உன்னோடது. சிரிலோவுக்கு நீ பாடினது. நான் திருடிட்டேன். என்னை நீ என்ன வேணாலும் பண்ணு."

அவள் கிட்டே போய் அவன் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"அதான் ரேடியோல கேக்கும்போதெல்லாம் துவைக்கற கை நின்னுபோச்சா! எனக்கு அது மறந்தே போச்சுண்ணே. பிள்ளை போனதுலேருந்து எத்தனையோ தடவை பாடிப் பாக்கலாம்னு வாயைத் திறப்பேன். ஒண்ணும் வராது. பெத்தவளுக்கே மறந்துபோச்சேன்னு என்னை நானே அறைஞ்சுக்குவேன். நீ பத்திரமா வெச்சிருந்தியா? ஊரையே என் பிள்ளைக்காக அழ வெச்சிட்டியே, நீ நல்லா இருக்கணும்."

லோலோவின் முகம் சாம்பலாகிவிட்டது. திட்டு வாங்கத் தயாராக இருந்தவன், இதற்குத் தயாராக இல்லை.

"இல்ல தொமி. கேளு. அது அப்படியே உன்னோடது இல்ல. முடிவை நான் மாத்திட்டேன். நீ பாடினது இப்படி" என்று பாட ஆரம்பித்தான்.

அவன் குரல் எண்ணெய் காணாத கீல்தான். ஆனால் ஒரு சுரம் பிசகவில்லை. அந்தக் குளிர்காலத்தை என் ஜன்னல் வழியே கேட்டவள் நான், எனக்குத் தெரியும். ஏறியது, அந்த இடத்துக்கு வந்தது, நழுவித் திரும்பி ஆரம்பத்துக்குப் போனது. சிரிலோவின் இருமல்கூட எனக்குக் கேட்டது.

தொமித்திலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். குழந்தையைத் திருத்துகிற சிரிப்பு.

"நீ தப்பாப் பாடறே அண்ணே. அங்க திரும்பாது. மேல போகும்."

"தொமி, சத்தியமா…"

"எனக்குத் தெரியாதா? பெத்தவ நான். இங்க பாரு" என்று பாடிக் காட்டினாள். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த குரல் தங்கு தடையில்லாமல் வந்தது. படிக்கட்டில் ஏறியது, கொம்புகள் சேரும் இடத்தைத் தாண்டியது, முரசு இடிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தது. "இங்கதான், இங்க வரும்போதுதான் அவன் கண்ணு மூடும். இப்பத்தான் அந்த மூஞ்சி எனக்குத் தெளிவாத் தெரியுது."

லோலோ என்னைப் பார்த்தான். சாட்சி சொல்லேன் என்று கெஞ்சும் பார்வை. நான் தொமித்திலாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிலோ போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. நான் என்னத்தைச் சொல்ல? அடுப்பில் காப்பி பொங்கியது, போய் இறக்கி வைத்தேன்.

"எங்கே, என்கூடச் சேந்து பாடு பாப்போம்" என்றாள் அவள். "இனிமே நமக்கு மறக்கக் கூடாது."

லோலோ பாடினான். கன்னத்தில் கண்ணீர் ஓட, தான் எழுதிய முடிவுவரை பாடினான். அவள் நல்லது என்று தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு தரம் என்றாள்.