சட்டைப் பையில் மூன்று ஆல்பங்கள்

என் அக்கா வீட்டுக்காரர் லாண்டரியில் இஸ்திரி போடுகிறார். அதே கடையில் நான் கவுண்டரில் பில் போடுகிறேன். எனக்கு அவர் மாமா. கடையில் மற்றவர்களுக்கு "ஹெட்போன்". காலை எட்டு மணிக்கு அதைக் காதில் மாட்டினால் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவார். நடுவில் அவரைக் கூப்பிட வேண்டுமானால் ஹேங்கரை எடுத்து அவர் மேல் எறிய வேண்டும். நான் நிறைய எறிந்திருக்கிறேன்.

அவர் கேட்பதெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களின் பாட்டு. பெரிய கம்பெனி எதுவும் எட்டிப் பார்க்காத, வீட்டு அறையில் தாங்களே பதிவு செய்து வெளியிட்ட ஆல்பங்கள். ஒரு நர்ஸ் பாடிய ராப். அக்காவும் தங்கையும் கார் ஷெட்டில் வயலினும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு செய்தது. தையல் மெஷின் சத்தத்தை வெட்டி ஒட்டியே ஒருவர் ஆட வைத்த எலக்ட்ரானிக் இசை. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கேட்டு, மூன்றைத் தேர்ந்தெடுப்பார். எதையும் பாதியில் நிறுத்த மாட்டார். "ரெண்டு பாட்டு கேட்டுட்டுக் கருத்து சொல்றது, காலரை மட்டும் தேய்ச்சுட்டு சட்டைய மடிக்கிற மாதிரி" என்பார். எனக்கு அதில் ஒன்றும் ஏறாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

அந்த மூன்றையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சனிக்கிழமை போகிற சட்டைகளின் பைக்குள் வைப்பார். ஆல்பத்தின் பெயர், என்ன மாதிரி இசை, கூடவே ஒரு கட்டளை: "முதல் பாட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்." "நாலாவது பாட்டில் சத்தத்தைக் கூட்டுங்கள்." இரண்டு வருஷமாக இப்படித்தான். கேட்டேன் என்று ஒரு ஆள்கூட வந்து சொன்னதில்லை. செவிடன் காதில் சங்கு ஊதுகிறீர்கள் என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார். ஆனால் சனிக்கிழமையானால் மேசையிலிருந்து கழுத்தை நீட்டி, சட்டை வாங்க வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மேல் இல்லை, ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறார்களே, அவர்கள் மேல்.

ஒரு வாரம் புதிதாக ஜெல் பேனா வாங்கி எழுதினார். வழக்கமாகச் சட்டையை மடித்த பிறகுதான் சீட்டு வைப்பார். அன்றைக்கு ஏதோ ஒரு பாட்டில் சொக்கிப்போய், முதலில் சீட்டை வைத்துவிட்டு அதன் மேலேயே நீராவிப் பெட்டியை அழுத்திவிட்டார். அப்படி ஆறு சட்டைகள், ஆறும் ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைகள். கோர்ட் கேன்டீனில் அந்த மனிதர் கோட்டைக் கழற்றியபோது, நெஞ்சில் நீலமாக ஆல்பத்தின் பெயரும், அதன் கீழே "நாலாவது பாட்டில் சத்தத்தைக் கூட்டுங்கள்" என்றும் இருந்ததாம். போனில் அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. முதலாளி போனை வைத்ததும், இனி எந்தப் பையிலும் ஒரு காகிதம் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மாமா பேனாவை மூடி உள்ளே வைத்துவிட்டார். ஹெட்போனையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். "யாருக்கும் வேணாம்னா எதுக்கும்மா, விடு" என்றார் என்னிடம். ஒரு வாரம் முழுக்க வெறும் காதோடு தேய்த்தார். கூப்பிட்டவுடன் திரும்பினார். அந்தக் கண்ணராவியை என்னால் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. முதல் ஆள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, பைக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே சீட்டைக் காணோமே என்றார். இரண்டாவது ஆளும் அதையே கேட்டார். என்னிடம் கேட்டவர்களையெல்லாம், அதோ முதலாளி இருக்கிறார், அவரிடமே கேளுங்கள் என்று வேண்டுமென்றே அனுப்பினேன். மத்தியானத்துக்குள் முப்பத்தேழு பேர். ஒருவர் பழைய சீட்டுகளை எல்லாம் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாராம். இன்னொருவர், அந்த நர்ஸ் பாட்டைக் கேட்காமல் தன் மகள் பரீட்சைக்குக் கிளம்புவதில்லை என்றார். அப்புறம் அந்த வக்கீலே வந்தார். முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். கேன்டீனில் யாரோ அந்த ஆல்பத்தைப் போனில் தேடிப் போட்டார்களாம், மேசையோடு எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்களாம். இந்த வாரச் சீட்டு எங்கே என்றார்.

முதலாளி உள்ளே போய் மாமா முன்னால் நின்றார். "எழுதுப்பா. பைக்குள்ள வேணாம், கவருக்கு மேல குத்திடு."

முன்பு கேட்டு மிச்சம் வைத்திருந்ததிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து மாமா எழுத உட்கார்ந்தார். முப்பத்தேழையும் எழுதி முடிக்கவில்லை, அதற்குள் பஸ் ஓட்டுகிற அம்மா யூனிஃபார்ம் வாங்க வந்தார். அக்கா தங்கை ஆல்பம் தனக்குப் பிடிக்கவேயில்லை, கடைசி மூன்று பாட்டும் ஒரே இழுவை என்று பொரிந்து தள்ளினார்.

"இழுவை இல்லம்மா. டிரம்ஸ் அங்கதான் மூச்சு வாங்குது."

"நாலு தடவ கேட்டுட்டேன். இழுவைதான்."

"நாலு தடவையா?" என்றார் மாமா. இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணையும் துடைத்துக்கொண்டார். போனை எடுத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டிக் கவுண்டர்மேல் வைத்தார்.

"அஞ்சாவது தடவ என்னோட கேளுங்க. அப்புறம் சொல்லுங்க."

அந்த அம்மா உட்கார இடம் தேடினார். முதலாளி எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.