ஐஸில் விழுந்த ஓர் உத்தரணி தீர்த்தம்

கல்யாணத் தரகு எனக்குத் தொழில் இல்லை. ஆனாலும் போன வாரம் ஒரு வரனோடு திருப்பதிக்குப் போனேன். நண்பர் சாரியின் மகள் வேதவல்லிக்கு. பையன் திருத்தணி.

"திருத்தணி ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா ஓய்?" என்றார் சாரி. எல்லைத் தகராறு தீராமல் சர்க்காருக்கே இன்னும் தெரியவில்லை... நான் எங்கே போவேன்?

சாரி திருமலையில் கைங்கரியம் செய்பவர். பெண்ணோ, காலேஜ் லாபில் ஆட்டுத் தசையை அரைக்கிறாள்! தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறதாம் — கண்ணுக்குத் தெரியாத குட்டி அடுப்பு. நம் உடம்புக்குத் தெம்பு அதில்தான் தயாராகிறது. அதை உடையாமல், உயிர்ப்போடு பிரித்தெடுக்க வேண்டும். எல்லாம் ஐஸில், சர்க்கரைக் கரைசலில். வெறும் தண்ணீர் பட்டால் ஊதி வெடித்துவிடும்.

இதுவரை அவள் பிரித்தெடுத்ததெல்லாம் வீண். "இந்தத் தடவையும் சரியா வரலேன்னா ஆராய்ச்சிய விட்டுட்டுக் கல்யாணம் பண்ணிக்கறேன்" என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்தத் தடவையைப் பார்க்கத்தான் நாங்கள் இருவரும் லாபில் உட்கார்ந்திருந்தோம்.

அரைத்தாள். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினாள். அடியில் தங்கியதைக் குழாயோடு ஐஸில் வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போனாள். திரும்பி வந்து குழாயை எடுத்தவள் முகம் மாறிவிட்டது. குப்பென்று பச்சைக் கற்பூர வாசனை!

சாரியின் கையில் தீர்த்தச் செம்பு, உத்தரணி.

"கெடுத்துட்டேளேப்பா. நான் தோக்கணும்னுதானே?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும் அதே சந்தேகம்தான்.

சாரி தவித்துப்போனார். "பெருமாள் தீர்த்தம்டி... ஒரே ஒரு உத்தரணி. நீ ஜெயிக்கணும்னுதான் விட்டேன்."

வரன் பார்க்கச் சொன்னவரே இவர்தானே? பெற்றவர்கள் வாய் ஒன்று கேட்கும், மனசு வேறொன்று வேண்டிக்கொள்ளும். உங்கள் வீட்டில் மட்டும் வேறு மாதிரியா?

திரும்பச் செய்யக் கறி இல்லை. வாங்கிவரும் அட்டெண்டரும் சாப்பிடப் போய்விட்டார். சாரி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"கறிக்கடை எந்தப் பக்கம் ஓய்?"

நாமத்தைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நின்றார். "இன்னா சாமி, கடைய எடுக்கச் சொல்லி ஆர்டரா?"

"இல்லப்பா. இப்போ வெட்டினதா தொடைக்கறி கொஞ்சம்" என்றார் சாரி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

புதுக் கறியை அரைத்துச் சுற்றிப் பிரித்ததை, மூச்சை அளக்கும் ஒரு கருவியில் வைத்தாள். சாயங்காலம் அதன் கண்ணாடிக் குழாயில் கலர்த் திரவம் மெல்ல ஏறியது. "பிராணவாயுவ இழுக்கறதுப்பா... உசிரோட இருக்கு" என்று வேதவல்லி சிரித்தாள். சாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்லட்டும்?" என்றேன்.

"பொண்ணுக்கு வேலை இருக்குன்னு சொல்லும்."

எனக்குத்தான் ஒரு கல்யாணச் சாப்பாடு போச்சு!