மன்னார் பஸ்ஸில் ஒரு ரெஜிபோம் பெட்டி

போன வியாழக்கிழமை மன்னார் பஸ் நிலையத்தில் நான் சத்தம் போட்டேன்.

நானா? நானேதான். என் சீற்றில் வேறு யாராவது இருந்தால்கூட, எழுப்பக் கூச்சப்பட்டு நின்றுகொண்டே போகிற ஆள்.

பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மாவட்டம் மாவட்டமாக அலைய வேண்டும். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — நாற்பத்து நான்கு வயதில் எனக்கு மகள் பிறந்தாள். இப்போது ஐந்து மாதம். லீவு முடிந்து முதல் பயணம் மன்னாருக்கு. இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளும் பயிற்சிக்கு வந்தவர்கள் முதல் சாப்பாடு கொண்டுவந்தவர் வரை கேட்டது ஒரே கேள்விதான்.

"பிள்ளையை ஆரிட்டை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"தேப்பனிட்டை."

"ஐயோ… பாவம்!"

யார் பாவம்? பிள்ளையா, தகப்பனா? கேட்கத் துணியவில்லை. என்னோடு வந்த ஆண் பயிற்றுநருக்கும் வீட்டில் மூன்று மாதக் குழந்தை. அவரிடம் கேட்டார்கள்: "சேருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?"

வியாழன் காலை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கோப்பாய் வீட்டிலிருந்து கணவர் போன் எடுத்தார். நான் உறையவைத்துவிட்டுப் போன பாலைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். "கடைசிப் பையும் முடிஞ்சுது. நீர் எத்தினை மணிக்கு வாறீர்?" மாப்பால் கரைத்துக் கொடுத்தால் மகள் துப்பிவிடுவாள். எத்தனை பிராண்ட் மாற்றியும் பார்த்தாயிற்று.

பரவாயில்லை. பிரிட்ஜ் இல்லாத விடுதி அறையில் இரண்டு நாளாகப் பம்ப் வைத்து எடுத்த பால் எட்டுப் பைகள், பெட்டியில் ஐஸுக்கு நடுவே பத்திரமாக இருந்தன.

அந்தப் பெட்டியில்தான் பிழை விட்டேன். புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். மயிலிட்டியில் மீன் வியாபாரம் செய்யும் சொந்தக்காரர் கொடுத்த, மீனை ஐஸ் போட்டு அனுப்புகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியை மூன்று தரம் கழுவி, மீன் மணம் போகத் தேசிக்காய் தேய்த்து எடுத்துப் போனேன். மூன்று தரம் போதாது!

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏசி பஸ். கையில் ரெஜிபோம் பெட்டி. பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

"அக்கா, நண்டோ?" என்றான் கொண்டக்டர்.

"இல்லைத் தம்பி… பால்." மெல்லத்தான் சொன்னேன்.

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை. போன கிழமை ஒராள் மோதகம் எண்டு சொல்லி இறால் ஏத்தினவர்."

சொல்லிக்கொண்டே பெட்டியைப் பறித்துக்கொண்டு போய்ப் பின்னால் டிக்கியில் போட்டு மூடிவிட்டான். எஞ்சினுக்குப் பக்கத்து டிக்கி. தொட்டால் சுடும். மூன்று மணிநேரப் பயணம். என் எட்டுப் பையும் என்னாவது? அங்கே பசியோடு ஒருத்தி…

படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். அப்படியே நின்றுவிட்டேன்.

"அக்கா ஏறுங்கோ, பஸ் வெளிக்கிடவேணும்."

"வெளிக்கிடாது. அது என்ரை பால். என்ரை பிள்ளைக்குக் கொண்டுபோற தாய்ப்பால். பெட்டி மேலை வராமல் பஸ் வெளிக்கிடாது!"

முன் சீற்றில் இருந்த பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "உதை ஏன் பிள்ளை ஊருக்குக் கேக்கச் சொல்லுறாய்?"

"மெல்லச் சொன்னனான் ஐயா. ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போட்ட சத்தத்தில் பால் சுரந்து என் சட்டையும் நனைந்துவிட்டது. சால்வையை இழுத்து மூடவில்லை. நனைந்தால் நனையட்டும்!

கொண்டக்டர் பெட்டியோடு வந்தான். முகம் சிவந்திருந்தது. ஏசிக் காற்று நேரே விழுகிற சீற்றைக் காட்டி, "இதிலை இருங்கோ அக்கா, குளிர் நிக்கும்" என்றான். பிறகு குனிந்து, இரகசியமாக:

"ஆனாலும் மணக்குது அக்கா."

"தெரியும். அது மயிலிட்டி மணம்."

யாழ்ப்பாணம் வரும்வரை பெட்டி மடியிலேயே இருந்தது. வீட்டில் திறந்தபோது ஒரு பை ஒழுகியிருந்தது. மற்ற ஏழும் சில்லென்று அப்படியே இருந்தன. அவற்றை நேரே பிரிட்ஜில் வைத்தோம். பாலைச் சூடாக்கும்வரை மகளுக்குப் பொறுமையில்லை… நேரே என்னிடமே வந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் செய்தி பஸ்ஸைவிட வேகமாக வரும் இல்லையா? அடுத்த நாள் அலுவலகத்தில் பணிப்பாளர் கூப்பிட்டார். குரலில் ஒரே கனிவு.

"மிஸ், பஸ்ஸிலை ஏதோ பிரச்சினையாம்… அடுத்த மாதம் திருகோணமலைக்கு வேறை ஆரையும் அனுப்பட்டோ? கைக்குழந்தையோடை உங்களுக்குக் கஷ்டமெல்லே?"

"ஓம் சேர், கஷ்டம்தான். பிரிட்ஜ் உள்ள அறையாப் போடச் சொல்லுங்கோ."

கஷ்டம் என்றுதான் சொன்னேன். போகமாட்டேன் என்று சொல்லவில்லையே!